நெமிலிச்சேரியில் நாலடி வாசல்

கோவில்பதாகை
10.06.2024

சீலிக்கு,

தாளின் தலையில் சிலுவை போடாமல் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில், புது நோட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றுதான் பள்ளி திறந்தார்கள். முகப்பேர் முழுக்க ஸ்கூல் வேன்தான். காலையிலிருந்து மூன்று அம்மாக்களிடம் திட்டு வாங்கியாகிவிட்டது. ஆபீசில் எடுபிடி வேலை பார்க்கிறவளைத் திட்டினால் யார் கேட்பார்கள்.

ஃபோன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் ஜார்க்கண்ட் காட்டு மடத்தில் ஃபோன் எடுத்தாலும் பாதி வார்த்தைதான் வந்து சேர்கிறது. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் நான் என்ன பேசினாலும் உன் மாமா காதில் விழும். அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவருடைய இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம். அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டார் என்றுவிட்டார்கள். மாத்திரை இருக்கும்வரை ஓடும் என்கிறார் டாக்டர். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மார்ச் மாதம் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் நாகம்மாளின் புருஷன் செத்துப்போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆம்புலன்ஸை வீட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி கேட்டுக்குள் விடவில்லை. தெருமுனையில், ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பத்து நிமிஷம் முகம் காட்டிவிட்டு அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்தம்மா என்னிடமும் சொல்லி வைத்தது. "தோ பாரு ஜெயாம்மா, ஊட்ல கல்யாணம் வெச்சிக்கோ, காதுகுத்து வெச்சிக்கோ. பாடி மட்டும் இட்டாராத. அப்பால எவனும் குடிவரமாட்டான்."

உன் மாமா மாடியிலிருந்து அந்தப் பத்து நிமிஷத்தையும் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "எனக்கு இது நடக்கக்கூடாது ஜெயா" என்றார். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், இதுவரை எதுவுமே கேட்டதில்லை. கல்யாணமாகி ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறோம், ஒரு வீட்டைப் பற்றியும் குறை சொன்னதில்லை. இப்போது சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்கிறார், அதில் வாழ்வதற்காக இல்லை.

கம்பெனி மூடியபோது கொடுத்த பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறோம். மீதிக்கு என் பெயரிலும் மகள் ஆஷ்லி பெயரிலும் லோன் போடலாம். வீடு வாங்கும் ஆசை எனக்கு முன்பே உண்டு, இரண்டு வருஷமாக அழகேசன் அண்ணன் வீடு காட்டுகிறார். ஆவடி புரோக்கர், டிவிஎஸ் வண்டி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, அவர்தான். அவர் காட்டிய பதினாலு வீட்டில் ஒன்றும் எங்களுக்கு எட்டவில்லை.

போன ஞாயிறு எங்கள் பங்குக் கோவிலின் அன்பிய ஜெபக் கூட்டத்தில் லிபின் என்ற பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் அப்பா சூசைமாணிக்கம் மூன்று வருஷம் முன்பு இறந்துபோனார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நெமிலிச்சேரியில் அறுநூறு சதுர அடியில் அப்பா கட்டிய வீடு, ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. விற்கப்போகிறார்கள். போர்டு மாட்டவில்லை, நெட்டில் போடவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. விலையும் எங்களுக்கு எட்டுகிறது. ஒரே ஒரு நிபந்தனை. "புரோக்கர் வேணாம் ஆன்ட்டி. நம்ம ஆளுங்களுக்குள்ளயே முடிச்சிக்கலாம்."

அழகேசன் அண்ணனைக் கூட்டிப்போகலாமா, வேண்டாமா? கூட்டிப்போனால் லிபின் முறுக்கிக்கொள்வான். விட்டால் இரண்டு வருஷம் வெயிலில் அலைந்த மனுஷனுக்குத் துரோகம். அவருக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் உன் மாமாவின் ஆறு மாத மருந்துச் செலவு. யோசித்து எழுது. நீதான் நம் வீட்டில் படித்தவள்.

ஜெயா


24.06.2024

அக்காவுக்கு,

சிலுவையை உனக்கும் சேர்த்து நானே மேலே போட்டுவிட்டேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமாவுக்காக இங்கே ஹாஸ்டல் பிள்ளைகள் தினமும் ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபிக்கிறார்கள். சந்தாலி பேசுகிற ஆதிவாசிப் பிள்ளைகள். 'வேதமுத்து' என்று சொல்ல வராமல் 'பேதமுத்து' என்கிறார்கள். சாமிக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு என் பதில்: புரோக்கரைக் கூட்டிப்போ.

வீடு வாங்குவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முப்பத்துநாலு வருஷம் பெண்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். 'நம்ம ஆளுங்க' என்று யாராவது ஆரம்பித்தால் அதற்குப் பிறகு நம்மால் ஒன்றும் கேட்க முடியாது. நீ அந்த வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பார்கள், குடிப்பாய். செத்துப்போன அவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள், உனக்குக் கண் கலங்கும். பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்று கேட்க உனக்கு வாய் வராது. அழகேசனுக்கு வெட்கம் கிடையாது. அதற்குத்தான் அவருக்குக் காசு.

போர்டு மாட்டாமல் ஏன் விற்கிறார்கள்? உனக்கு நல்லது செய்யவா? நாலு பேருக்குத் தெரிந்தால் விலை ஏறும் என்பது எனக்கே தெரிகிறது. ஏறுகிற விலையை வேண்டாம் என்கிறவனுக்கு வேறு என்னவோ பயம் இருக்கிறது. ஒருவேளை நான் சந்தேகப் பிராணியாக இருக்கலாம். மடத்தில் சமையலறைப் பொறுப்பில் இருந்தால் அப்படி ஆகிவிடும்.

அவருக்குக் கொடுக்கிற பணம் ஆறு மாத மருந்து என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். ஆனாலும் கூட்டிப்போ.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வீட்டில் எத்தனை அறை? சும்மாதான் கேட்கிறேன். முழங்கால் இரண்டும் படுத்துகின்றன. இந்த மழைக்காலத்தில் மாடிப்படி ஏற முடியாது போலிருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

சீலி


கோவில்பதாகை
01.07.2024

சீலிக்கு,

வீட்டைப் பார்த்துவிட்டோம். சந்தோஷமாக எழுதுகிறேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஆட்டோவில் உன் மாமாவையும் கூட்டிப்போனேன். இரண்டு அறை, ஒரு ஹால், சமையல்கட்டு. ஒரு அறை எங்களுக்கு, ஒன்று ஆஷ்லிக்கு. அவர் உள்ளே போனதும் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து தன் ஸ்டீல் டேப்பை எடுத்து ஹாலை அளந்தார். பிறகு வாசலை அளந்தார். இரட்டைக் கதவு, நாலடி. "பெட்டிய ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சிக்கினு சாய்க்காம வரலாம்" என்றார். லிபின் பெண்டாட்டி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பீரோவைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா அங்கிள், எங்க பீரோவும் அப்படித்தான் வந்துச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் மட்டும் ரொம்ப நிம்மதியாக இருந்தார். திரும்பி வரும் வழியில் தூங்கிவிட்டார்.

நீ சொன்னபடி ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகேசன் அண்ணனைக் கூட்டிப்போகவில்லை. உன் கடிதம் வந்த அன்றே லிபினிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்ப வேணாம் ஆன்ட்டி, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றுவிட்டான். சரி, நாங்கள் மட்டும் வருகிறோம் என்றேன். உன் மாமா வாசலை அளந்த பிறகு அதை விட எனக்கு மனசு வரவில்லை.

எப்படியோ அழகேசன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஆவடி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னாம்மா, ரெண்டு வருசமா ஒன்ன வண்டில வெச்சிகினு சுத்தினேன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நா இன்னா கைய புடிச்சி இஸ்துருப்பனா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டியைக் கிளப்பப் போனவர் திரும்பிக் கேட்டார். "செரி, நா வேணாம். செத்துப்போன பெரியவருக்கு எத்தினி புள்ளைங்கன்னாவது கேட்டியா?" நான் சொன்னேன், "ரெண்டு பேர்ண்ணே. லிபின், அவங்க அண்ணன் நிர்மல். நிர்மல் கத்தார்ல கீறாரு, கையெழுத்துக்கு வந்துடுவாரு." வாரிசுச் சான்றிதழையும் லிபின் காட்டினான், அதிலும் இரண்டு பேர்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை.

இன்னொரு சந்தோஷம் கேள். அந்த ஹாலில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு கன்னியாஸ்திரீயின் படம் மாட்டியிருக்கிறது. லிபினின் அக்காவாம், எமல்டா. பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனவளாம், உன்னை மாதிரியே. நம் வீட்டில் உன் படம் மாட்டியிருந்த மாதிரியே பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள். இது நல்ல குடும்பம், ஏமாற்ற மாட்டார்கள் என்று அப்போதே மனதில் பட்டது.

வருகிற வெள்ளி மாதத்தின் முதல் வெள்ளி, இருதய ஆண்டவர் நாள். அன்றைக்குப் பூசை முடிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கிறோம். லோனுக்கும் எழுதிப்போட்டாகிவிட்டது. ஜெபம் பண்ணு.

ஜெயா


10.07.2024

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டது. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். நேற்று மாலை தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று உனக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்தது, எடுத்ததும் அறுந்துவிட்டது.

'ரெண்டு பேர்' என்று அழகேசனிடம் சொல்லியிருக்கிறாய். அடுத்த பத்தியில் மூன்றாவது பிள்ளையின் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீயே எழுதியிருக்கிறாய் அக்கா, உன் கையால்.

மடத்துக்குப் போனால் அப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. நாங்கள் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது எங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. தாலுகா ஆபீசுக்கு அது தெரியாது. எமல்டாவின் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை வாங்காதே. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே. அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டு வாங்கு. தயங்காதே.

அழகேசன் அந்த ஹாலுக்குள் வந்திருந்தால் முதலில் அந்தப் படத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டிருப்பார். அவருக்கு அது ஒரு பெண்ணின் படம், அந்த வீட்டு மகள். நமக்குத்தான் அது சாமிப் படத்தோடு சேர்ந்தது.

அடுத்து எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக, இல்லை, நேற்றிலிருந்துதான், எனக்குத்தான் மூன்று நாள் மாதிரி இருந்தது, நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன். அம்மா அடக்கத்துக்கு வந்தபோது பழைய டிரங்குப் பெட்டியில் அப்பாவின் வாரிசுச் சான்றிதழைப் பார்த்தேன். பட்டாபிராம் வீட்டை விற்றபோது வாங்கியது. அம்மா பெயர், சவரி அண்ணன் பெயர், உன் பெயர். அவ்வளவுதான். நான் மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். பங்கு எனக்கு வேண்டாம், கொடுத்தாலும் மடத்துக்குத்தான் போகும். ஆனால் யாராவது ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து, 'சீலி, நீயும் இதில் இருக்கிறாய், வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடு' என்று கேட்டிருக்கலாம். நான் சந்தோஷமாகப் போட்டிருப்பேன்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

சீலி


கோவில்பதாகை
22.07.2024

சீலி,

உன் கடிதம் வந்தபோது அட்வான்ஸ் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கம்பெனிப் பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினேன். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் உன் கோபத்துக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், எழுதவில்லை. வி.ஏ.ஓ. வந்து "எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டார். அம்மாதான் சொன்னது. "ரெண்டு. ஒண்ணு ஆண்டவருக்குக் குடுத்துட்டோம்." அவர் சிரித்துக்கொண்டே இரண்டு என்று எழுதினார். கடவுளுக்குக் கொடுத்ததைக் கணக்கில் சேர்த்தால் திரும்பக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று அம்மா நினைத்தது. அதை இத்தனை வருஷம் வயிற்றில் வைத்திருந்தாயா? தினமும் நற்கருணை வாங்கிக்கொண்டு? என் வீடு போய்க்கொண்டிருக்கிற நேரத்தில்தான் அதைச் சொல்ல வேண்டுமா?

சரி. நடந்ததைக் கேள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு லிபினிடம் போனேன். எமல்டா கையெழுத்தும் வேண்டும், எந்த மடம் என்று கேட்டேன். அவன் உள்ளே போய்விட்டான். அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே சொன்னாள். எமல்டா இரண்டு வருஷம் முன்பே மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாளாம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கமாம். அம்பத்தூரில் வேலைக்குப் போகும் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். அப்பா வீட்டில் பங்கு கேட்டுக் கோர்ட்டில் வழக்கு போட்டிருக்கிறாளாம். போர்டு மாட்டாததும், புரோக்கர் வேண்டாம் என்றதும் அதற்குத்தான். புரோக்கர் வாயில் விழுந்தால் அம்பத்தூருக்கு அரை நாளில் போய்விடும். எங்கள் அன்பியத்தில் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எமல்டாவைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். ஒரு கட்டில், ஒரு பக்கெட், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட இரண்டு புடவை. ஒரு கிளினிக்கில் பில் போடுகிறாள். வயது நாற்பத்தாறு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெளிய வந்த அன்னிக்கு நேரா வீட்டுக்குத்தான்கா போனேன். லிபின் கதவைத் திறக்கல. ஜன்னல் வழியா பாத்தேன், என் படம் மட்டும் அங்கயே இருந்துச்சு. அதுக்கு வாடாத பூ வெச்சிருந்தாங்க." உன் மாமாவைப் பற்றிச் சொன்னேன், வாசல் அளந்ததைச் சொன்னேன். காயப்போட்ட புடவையை எடுத்து மடித்தாள். பிறகு, "எனக்கும் அந்த வாசல விட்டா வேற வாசல் இல்லக்கா" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் என்ன சண்டை போடுவது?

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் கடனை அடைத்துவிட்டேன், வழக்கு முடியட்டும் ஆன்ட்டி என்கிறான். வக்கீல் சிரிக்கிறார், இதெல்லாம் பத்து வருஷம் போகும் என்கிறார். உன் மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் எப்போது என்று தினமும் கேட்கிறார். ஆடி மாசம் முடியட்டும் என்கிறேன். நாம் என்றைக்கு ஆடி பார்த்தோம்? அவரும் அதைக் கேட்கவில்லை.

ஜெயா


கோவில்பதாகை
16.09.2024

சீலிக்கு,

ஆஷ்லி ஃபோன் செய்தபோது உனக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

செப்டம்பர் ஆறாம் தேதி, காலை ஐந்தரை மணிக்கு, ஆஸ்பத்திரியில். அன்றைக்கும் முதல் வெள்ளி. கஷ்டப்படவில்லை. முந்தின நாள் மாலை, "வாசல் நாலடி, ஞாபகம் வெச்சிக்கோ" என்றார். தெரியும் என்றேன்.

எட்டு மணிக்கு நான் வீட்டுக்கு வந்து சாமுண்டீஸ்வரி காலில் விழுந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் விழுந்தேன். அந்தம்மாவும் அழுதது. அழுதுகொண்டே கேட்டைப் பூட்டியது. "மன்னிச்சிக்கோ ஜெயாம்மா. எனக்கு இந்த வாடகதான் சோறு." மாதா கோவில் மண்டபத்தில் கல்யாணம், மதியம் வரை விடமுடியாது என்றார்கள். லிபினுக்கு ஆஷ்லி ஃபோன் செய்தாள். அரை நாள் மட்டும் அந்த ஹாலில் வைத்துக்கொள்கிறோம் என்றாள். கோர்ட்டு விஷயம் ஆகிவிடும் என்று ஃபோனை வைத்துவிட்டான்.

பிறகு அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். நாகம்மாள் புருஷனின் பத்து நிமிஷம்தான் இவருக்கும் என்று நினைத்தேன். அப்போது அழகேசன் அண்ணன் வண்டியில் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைத் தனியாகப் பிரித்தார். "யார் ஊடுன்னு கேக்காத. சாவி கீது, வா."

மூன்றாவது தெருவில் புதிதாகக் கட்டி விற்பனைக்கு வைத்திருக்கிற வீடு. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார், வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட இவரிடம் சாவி கொடுத்திருக்கிறார். தரையில் டைல்ஸ் மேல் ஒட்டிய அட்டையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. கேட்டில் 'விற்பனைக்கு' என்று ஃப்ளெக்ஸ். அதை அவர் கழற்றிச் சுவரோடு திருப்பி வைத்தார். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை உன் மாமா அந்த வீட்டில் இருந்தார். எஸ்டேட் நண்பர்கள் வந்தார்கள், அன்பியம் வந்தது, ஜெபம் சொன்னார்கள். லிபினும் வந்து மாலை போட்டான். எமல்டா வந்தாள், கடைசி வரிசையில் நின்றாள், யாரும் அவளிடம் பேசவில்லை.

அந்த வீட்டு வாசல் இரண்டே முக்கால் அடிதான் இருக்கும். பெட்டியைக் கீழே வைத்து, தலைப் பக்கம் ஒருவர் இழுத்து, கால் பக்கம் ஒருவர் தள்ளி, சாய்த்துத்தான் எடுத்தார்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

எதிர்வீட்டுக்காரர்கள் அன்றைக்கே பெங்களூருக்கு ஃபோன் செய்துவிட்டார்கள். சாவு வைத்த வீட்டை இனி யார் வாங்குவார்கள் என்று அந்த ஆள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்களாம். போன ஞாயிறு அழகேசன் அண்ணனைப் பார்க்கப் போனேன். இடுப்பில் அந்தக் கொத்து இல்லை. ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்து நீட்டினேன். "இதுக்கு கமிஷன் வாங்குனா என் கை வெளங்குமாம்மா?" என்றார். பிறகு, "அன்னிக்கு நா ஒரே ஒரு தபா உள்ள வந்திருந்தா போதும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

செத்த வீடு என்ற பேர் வந்துவிடும் என்று, காலி பண்ண சாமுண்டீஸ்வரி மூன்று மாதம் டைம் கொடுத்திருக்கிறது. பத்தாவது வீடு தேட வேண்டும். தேடித் தர ஆள் இல்லை.

சீலி, ஜூலையில் நான் எழுதியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அழகேசன் அண்ணனிடம் 'ரெண்டு பேர்' என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் எனக்கு உண்மையிலேயே இரண்டு என்றுதான் தோன்றியது. பட்டாபிராம் வீட்டிலும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அம்மா சொன்னது என்று அம்மா மேல் போட்டேன். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏதோ பிறகு எழுதுகிறேன் என்றாயே, எழுதவே இல்லை.

ஜெயா


30.09.2024

அக்காவுக்கு,

ஆஷ்லி பேசியபோது 'அப்பா' என்ற ஒரு சொல்தான் கேட்டது. அது போதுமாக இருந்தது. ரயிலில் வந்து சேர மூன்று நாள் ஆகும், அதனால் கிளம்பவில்லை. அன்றைக்கு ஹாஸ்டல் பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னது ஒன்று, இனிமேல் 'பேதமுத்து'வுக்கு ஜெபம் சொல்ல வேண்டாமா என்று கேட்டது. இப்போதுதான் நிறையச் சொல்ல வேண்டும் என்றேன்.

அழகேசன் அண்ணனுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடு. அவருக்கு நான் யார் என்று தெரியாது. வேதமுத்துவின் மனைவிக்கு ஒரு தங்கை உண்டு என்று சொல்.

நான் பிறகு எழுதுகிறேன் என்றது என்ன என்று கேட்டிருக்கிறாய். இப்போது எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும். எழுதாவிட்டால் அதுவும் பழைய டிரங்குப் பெட்டியில் வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

மே மாதம் மதரிடம் ஒரு வருஷம் வீட்டில் தங்கி முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தேன். ராஞ்சியில் எங்கள் முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். அங்கே தமிழ் பேச ஒருவர்கூட இல்லை. இந்த வயதில், வலி எடுக்கும்போது தமிழில் முனக வேண்டும் போலிருந்தது. உன் முதல் கடிதம் வந்தபோது எத்தனை அறை என்று கேட்டேன். இரண்டு, ஒன்று எங்களுக்கு, ஒன்று ஆஷ்லிக்கு என்று எழுதியிருந்தாய். ஆஷ்லியோடு படுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஹாலில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்க உனக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கும், கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். கேட்பதற்கு முன்னால் எமல்டா வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அனுமதி ஆகஸ்ட்டில் வந்தது. நான் அனுப்பிய விண்ணப்பத் தாளே திரும்பி வந்தது, அதில் 'தங்கும் முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜூன் மாதமே அதில் நெமிலிச்சேரி என்று பென்சிலால் எழுதி அனுப்பியிருந்தேன், கதவு எண் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டு, மற்ற எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நேற்று அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ராஞ்சிக்குப் போகிறேன். இந்த முகவரிக்கு இனி எழுதாதே. புதிய முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சீலி